வாத்தியாருக்குப் பட்டப்பெயர்: வகுப்பறைச் சிரிப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

பட்டப்பெயர் இல்லாத உயர்நிலைப் பள்ளி வாத்தியார் தமிழ்நாட்டில் இல்லை. 'எனக்கெல்லாம் அப்படி ஒண்ணும் கிடையாது' என்று ஒருவர் சொன்னால், அது இன்னும் அவர் காதுக்கு வந்து சேரவில்லை என்றுதான் பொருள். கொக்கு, எலி, டப்பா, சொட்டை, குண்டூசி, எமன்... இவற்றை யார் வைத்தது, எந்த வருஷம் வைத்தது என்பதற்கெல்லாம் ஆவணம் கிடையாது. மூத்த செட்டு இளைய செட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. ஆறாம் வகுப்பில் புதிதாக வந்து சேரும் பையன் பாடவேளை அட்டவணையை மனப்பாடம் செய்வதற்கு முன்பே இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிடுகிறான். வாத்தியார் மாறுதல் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால் பெயரும் அதே பஸ்ஸில் ஏறிப் பின்னாலேயே போய்விடுகிறது. பணிப்பதிவேட்டில் ஏறாத பணிக்குறிப்பு அது.

இதை எப்படி வாசிப்பது? இரண்டு விதமான வாசிப்புகள் நம்மிடையே புழங்குகின்றன. ஒன்று பெரியவர்களின் வாசிப்பு: 'வயசுக் கோளாறு, சும்மா விளையாட்டுக்குச் செய்றதுங்க.' இன்னொன்று நம்முடையது. மிகயில் பக்தினின் ரபலே பற்றிய நூல் (1965) சிறுபத்திரிகைப் பக்கங்களில் பேசப்படத் தொடங்கிய பிறகு, சிரிப்பு என்றாலே கலகம், பகடி என்றாலே எதிர்ப்பு என்று எழுதிக்கொண்டு போவது நமக்கு வசதியாகிவிட்டது. முதல் வாசிப்பு சிரிப்பில் அரசியலே இல்லை என்கிறது. இரண்டாவது, அதில் இருக்கிற அரசியல் எப்போதும் நம் பக்கத்து அரசியல்தான் என்று நம்பிக்கொள்கிறது. இரண்டுமே அந்தச் சிரிப்பைக் காதுகொடுத்துக் கேட்டதன் விளைவல்ல.

ஒரு பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்த்து யார் சிரிக்கலாம், எங்கே வைத்துச் சிரிக்கலாம், யாரைப் பார்த்துச் சிரிக்கவே முடியாது என்று ஒரு கணக்கு எடுத்தால், அந்தப் பள்ளியின் அதிகார வரைபடம் நமக்குக் கிடைத்துவிடும். தலைமையாசிரியர் அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பணியாளர் பட்டியலைவிட அது துல்லியமானது.

2

முதலில், பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சிரிப்பு? வெளியே சொன்னால் யாரும் உதட்டைக்கூட அசைக்க மாட்டார்கள். அதே விஷயத்துக்கு வகுப்பறையில் நாற்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சாக்பீஸ் உடைந்தால் சிரிப்பு. நாற்காலி கிறீச்சிட்டால் சிரிப்பு. ஜன்னல் வழியே ஒரு நாய் எட்டிப் பார்த்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

மிஷேல் ஃபூக்கோ 1975-இல் எழுதிய சிறைச்சாலை பற்றிய நூலில் பள்ளிக்கூடத்துக்கும் இடம் ஒதுக்கினார். மணி, வரிசை, இருக்கை, தேர்வு, கண்காணிப்பு. உடம்பை நேரத்துக்கும் இடத்துக்கும் கட்டிப்போடுகிற ஏற்பாடுகள் இவை. நம்மூரில் இதற்குக் கூடுதலாக ஒரு கருவி உண்டு: திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துச் சட்டாம்பிள்ளையின் வாரிசான கிளாஸ் லீடர். வாத்தியார் வெளியே போனதும் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவான். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அப்புறம் 'மி.பே.' (மிகவும் பேசியவர்). அதற்கும் அடங்காதவனுக்கு 'மி.மி.பே.' அரை நெல்லிக்காய் கொடுத்தால் பெயர் அழிக்கப்படும். அரசு இயந்திரம், காவல்துறை, லஞ்சம் மூன்றையும் பற்றிய முதல் பாடம் இந்தக் கரும்பலகையில்தான் நடக்கிறது. பாடத்திட்டத்தில் இருப்பதைவிட நன்றாகவே புரிகிறது.

எங்கே சிரிக்கக்கூடாதோ அங்கேதான் சிரிப்பு வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கான காரணத்தை ஹென்றி பெர்க்சன் சிரிப்பைப் பற்றிய தன் சிறு நூலில் (1900) விளக்க முயன்றார். உயிருள்ள மனிதன் இயந்திரம்போல நடந்துகொள்ளும் கணத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது என்பது அவர் கட்சி. பெர்க்சன் பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இந்தக் கோட்பாடு எங்கிருந்து முளைத்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஒரு பாடவேளையில் வாத்தியார் எத்தனை முறை 'புரிஞ்சுதா' சொல்கிறார் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணும் பையன் பெர்க்சனைப் படித்ததில்லை. ஆனால் மனிதனுக்குள் ஓடும் டேப்பைக் கண்டுபிடித்துவிட்டான். 'அறுபதைத் தாண்டுமா, தாண்டாதா' என்று பந்தயமும் கட்டுகிறான்.

இங்கே வாத்தியார் மட்டும் இயந்திரமல்ல, மாணவனும் அப்படித்தான். மணி அடித்தால் எழுகிறான், மணி அடித்தால் உட்காருகிறான். அந்த இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் பிரம்பு இருக்கிறது. மற்றவனுக்குச் சிரிப்பு.

3

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு துணுக்கை எடுத்துக்கொள்வோம்.

'அசோகர் ஏன்டா சாலையின் இருபுறமும் மரம் நட்டார்?'

'நடுவுல நட்டா வண்டி போவாதே சார்.'

நாம் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் பையன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. 'இருபுறமும் ஏன்' என்று கேட்டால் 'நடுவில் முடியாது' என்பதுதான் சரியான பதில். வாத்தியார் எதிர்பார்த்தது 'வழிப்போக்கர்களுக்கு நிழல் தருவதற்காக' என்ற புத்தக வரியை. அதாவது அவர் கேட்டது கேள்வியே இல்லை. பதில் தெரிந்தவர், பதில் புத்தகத்தில் இருக்கும்போது, அந்த வரியை ஒப்பிக்கச் சொல்லிக் கொடுக்கிற சமிக்ஞை அது. வகுப்பறையில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த வகைதான். வாழ்க்கையில் பதில் தெரியாதவர்தான் கேள்வி கேட்பார். பள்ளிக்கூடத்தில் மட்டும் தெரிந்தவர் கேட்பார், தெரியாதவன் நிற்பான்.

பையன் செய்த குறும்பு என்னவென்றால் அந்தப் பாவனைக் கேள்வியை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டதுதான். சாலையில் நடந்து பழகிய அனுபவத்திலிருந்து பதில் சொல்லிவிட்டான். பாவ்லோ ஃபிரெய்ரே பணம் போட்டு வைக்கும் வங்கிமுறைக் கல்வி என்று விமர்சித்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டான் என்றுகூடச் சொல்லலாம். இந்தச் சிரிப்பு வாத்தியாரின் மூக்கையோ வழுக்கையையோ பார்த்து வருவதல்ல. அவர்கள் இருவரையும் அங்கே நிறுத்தி வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்த்து வருவது. வாத்தியாரும் சேர்ந்து சிரிக்கலாம். சிலர் சிரிக்கவும் செய்கிறார்கள். அந்த வகுப்பில் அடுத்த பத்து நிமிஷம் பாடம் நன்றாக நடக்கும்.

எல்லாச் சிரிப்பும் இந்த ரகமாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

4

பிரான்சில் ரென் நகரத்துப் பள்ளியில் 1880-களில் எபேர் என்றொரு இயற்பியல் ஆசிரியர் இருந்தார். பருத்த உடம்பு. வகுப்பை அடக்கத் தெரியாதவர். பையன்கள் அவரை வைத்துப் பட்டப்பெயர்களும் கதைகளும் நாடகங்களும் எழுதிச் சுற்றில் விட்டார்கள். 1888-இல் அந்தப் பள்ளியில் வந்து சேர்ந்த ஆல்ஃப்ரெட் ஜாரி இந்தக் கூட்டுப்படைப்பில் தானும் கலந்துகொண்டார். 1896 டிசம்பரில் பாரிஸ் மேடையில் ஏறிப் பெரும் ரகளையைக் கிளப்பிய 'உபு ராஜா' நாடகம் அங்கிருந்து வந்ததுதான். பேராசையும் கோழைத்தனமும் கொண்ட கொடுங்கோலன் உபு, நவீன நாடகத்தின் மூதாதைகளில் ஒருவனாகிவிட்டான். ஒரு பட்டப்பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் ஒரு சந்தேகம். எபேர் கொடுங்கோலரா? பையன்களைக் கட்டுப்படுத்த முடியாமல் திண்டாடிய மனிதர் அவர். வகுப்பை நடுங்க வைத்த வாத்தியார்கள் அதே பள்ளியில் இருந்திருக்க மாட்டார்களா? அவர்களைப் பற்றி ஏன் காவியம் எழவில்லை? காரணம் எளிது. சிரிப்பு, சுவர் எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான் ஏறிக் குதிக்கும்.

இந்த உண்மையை நம் பள்ளிகளில் பொருத்திப் பாருங்கள். வேதியியல் சார் வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. செய்முறைத் தேர்வு மதிப்பெண் அவர் கையில். செய்முறைத் தேர்வு நெருங்க நெருங்க அவர் சொல்லும் ஜோக்குகளின் தரம் உயர்ந்துகொண்டே போகும். பழைய ஜோக்குக்கும் பெஞ்சு அதிரும். தமிழய்யா வகுப்பிலோ காகித அம்பு பறக்கிறது. அவர் மட்டும் 'ஐயா', மற்றவர்கள் எல்லாரும் 'சார்' என்பதிலேயே பாகுபாடு தொடங்கிவிடுகிறது. பேச்சில் கொஞ்சம் இலக்கணம் கலந்து பேசினால் போதும், பையன்களுக்குக் கொண்டாட்டம், சினிமாக்காரர்களுக்கும்தான். கட்டடத்தின் உச்சியில் தமிழ் வாழ்க, உள்ளே தமிழ் வகுப்பில் தூக்கம். இதற்கு மாணவர்களின் தமிழ்ப்பற்றின்மையைக் காரணம் காட்டி மேடையில் கண்ணீர் விடுவதில் பயனில்லை. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைத்தான் கூட்டுகிறார்கள். தமிழ் மதிப்பெண்ணுக்கு அங்கே இடமில்லை. பையன்களுக்குக் கணக்குத் தெரியும். எங்கே சிரித்தால் நஷ்டமில்லையோ அங்கே சிரிக்கிறார்கள்.

இன்னும் கீழே இறங்கினால் டிராயிங் மாஸ்டர், பி.டி. மாஸ்டர், தையல் டீச்சர். 2012-இல் இப்படிப்பட்ட பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அரசு நியமித்தது. அவர்களுடைய சம்பளம் எவ்வளவு என்பது பையன்களுக்கும் தெரிந்துவிடும். சக ஆசிரியர்கள் அவர்களை எந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். பட்டப்பெயரின் கூர்மை சம்பளப் பட்டியலைத் தலைகீழாகப் பின்பற்றுகிறது.

ஜேம்ஸ் ஸ்காட் 1990-இல் வெளிவந்த நூலில், ஆதிக்கத்துக்கு உட்பட்டவர்கள் எசமானனின் முன்னால் ஒரு பேச்சும் முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சும் வைத்திருப்பார்கள் என்று விரிவாகக் காட்டினார். பின்னால் பேசுவதை அவர் மறைபிரதி என்று கொண்டார். பள்ளிக் கழிப்பறைச் சுவர் அப்படியொரு மறைபிரதிதான். ஆனால் வகுப்பறையில் மூன்று அடுக்குகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முகத்துக்கு நேரே சிரிக்கத் தக்கவர், முதுகுக்குப் பின்னால் மட்டும் சிரிக்கத் தக்கவர், எங்கேயும் சிரிக்க முடியாதவர். பள்ளித் தாளாளருக்குப் பட்டப்பெயர் இருப்பது அபூர்வம். அவரை யாரும் பார்ப்பதில்லை. அதிகாரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பக்தின் சொன்ன திருவிழாவும் பள்ளியில் உண்டு. 1962 முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். பல பள்ளிகளில் அன்றைக்கு மாணவர்கள் வேட்டி, புடவை கட்டிக்கொண்டு வாத்தியார் வேஷம் போடுவார்கள். மேடையில் யாரைப் போல நடித்துக் காட்டலாம் என்று முன்கூட்டியே ஒத்திகையில் பார்த்து அனுமதிப்பது யார்? வாத்தியார்கள். அன்று மாலை நாலரை மணிக்கு வேஷம் கலைந்துவிடும். டெர்ரி ஈகிள்டன் 1981-இலேயே பக்தினுக்கு எதிராகச் சுட்டிய விஷயம் இதுதான்: திருவிழா, உரிமம் பெற்ற கலகம்.

5

இதுவரை பேசியது கீழிருந்து மேலே போகும் சிரிப்பு. மேலிருந்து கீழே வரும் சிரிப்பு ஒன்று இருக்கிறது; அது ஆசிரியர் ஓய்வறையில் பிறக்கிறது.

விடுப்பு விண்ணப்பம் பற்றிய துணுக்கை நீங்கள் கேட்டிருக்கலாம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்ற ஒரே வாய்ப்பாட்டைத்தான் பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அக்கா கல்யாணத்துக்கு லீவு வேண்டும். காய்ச்சலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்யாணத்தை வைத்து, 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர்ஸ் மேரேஜ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஓய்வறையில் டீ ஆறுகிற வரை சிரிப்பு. 'இதுங்கள வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது சார்?'

இதில் சிரிக்கப்படுவது யார்? வீட்டில் இங்கிலீஷ் கேட்டிராத முதல் தலைமுறைப் பையன். சிரிக்கப்பட வேண்டியது எது? ஒரு மொழியைச் சொல்லித்தராமல் அதன் வாய்ப்பாட்டை மட்டும் தந்த முறை. அசோகர் துணுக்கில் அம்பலமான அதே ஒப்பித்தல்தான் இங்கேயும் இருக்கிறது. ஆனால் அம்பு திசை மாறிவிட்டது. இன்னொன்றும் உண்டு. நகைக்கும் சீருக்கும் வட்டிக்கு வாங்கிய வீட்டில், அக்காவின் கல்யாணத்தால் அவதிப்படுகிறேன் என்று ஒரு பையன் எழுதினால் அது இலக்கணப் பிழையா? கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்தவர்கள் அந்த வாக்கியத்தைத் திருத்த மாட்டார்கள்.

மேலிருந்து கீழே வைக்கப்படும் பட்டப்பெயர்களுக்கும் வரலாறு உண்டு. தமிழ் உரைநடையின் ஆரம்பகால நகைச்சுவைப் படைப்பான 'பரமார்த்த குரு கதை' குருவையும் சீடர்களையும் பற்றியதுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் எழுதியது. 1822-இல் லண்டனில் அச்சானது. குரு ஒரு முட்டாள். சீடர்களின் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். உள்ளூர்க் குருமாரைப் பார்த்துச் சிரிப்பதில் ஒரு மிஷனரிக்கு என்ன ஆதாயம் என்பது தனியே பேச வேண்டியது. நமக்கு இங்கே முக்கியமானது பெயர்கள். குருவுக்காவது 'பரமார்த்தன்' என்று கௌரவமான ஒரு பெயர் கிடைத்தது. சீடர்களுக்குத் திட்டே பெயராகிவிட்டது. இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் வருகைப் பதிவேட்டில்தான் பெயர்கள் மாறியிருக்கின்றன. வாத்தியார் வாயில் இன்னும் மடையன் மடையனாகவே இருக்கிறான்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பதினேழாவது பிரிவில் உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரைதான். உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படிக்கும் மடையனுக்கு அந்தப் பிரிவு கைகொடுப்பதில்லை.

6

மாணவர் சிரிப்பைக் கலகமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் பால் வில்லிஸின் 'உழைக்கக் கற்றல்' (1977) நூலைத் தவறாமல் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரத்தில் பன்னிரண்டு தொழிலாளர் வீட்டுப் பையன்களைப் பின்தொடர்ந்து எழுதியது. அவர்களுக்குப் பள்ளியில் ஒரே வேலை சிரிப்பது. வாத்தியார் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்கும் நல்ல பிள்ளைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'காதோட்டை'. காது மட்டும்தான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்ற நக்கல். பள்ளி தருவதாகச் சொல்லும் முன்னேற்றம் பொய் என்பதை அவர்களுடைய சிரிப்பு கண்டுகொண்டது. அவ்வளவில் அது கூர்மையானது. ஆனால் அதே சிரிப்பு பெண்களையும், குடியேறி வந்த ஆசிய, மேற்கிந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளையும் மிதித்தது. கடைசியில் அவர்கள் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்த இடம், அப்பா வேலை செய்த அதே மாதிரித் தொழிற்சாலைத் தளம். எதிர்ப்பே அவர்களைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நம்மூரில் இதற்குச் சாதி என்ற இன்னொரு கணக்கு உண்டு. ஆதிக்கச் சாதிப் பையன் தலித் ஆசிரியருக்கு ஒரு பெயர் வைத்தால் அது மாணவன் ஆசிரியரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அல்ல. ஊர் சேரியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. பள்ளிக்கூட ஏணியில் அது மேலே போவதுபோலத் தெரியும். ஊர் ஏணியில் கீழே இறங்குகிறது. பெண் ஆசிரியர்களுக்கு வைக்கும் பெயர்களில் பாதி அவர்களுடைய உடம்பையும் புடவையையும் பற்றியவை என்பதும் இதே வகைதான். பையன் அங்கே மாணவனாகச் சிரிக்கவில்லை, ஆம்பிளையாகச் சிரிக்கிறான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிநாயகம் கே.சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது; பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. வெட்டு கிண்டலிலிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்பறையில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதை ஊர் முன்பே முடிவு செய்து அனுப்பியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். கயிற்றை அவிழ்த்துவிடலாம். 'சும்மா கிண்டலுக்குச் சொன்னேன் சார்' என்பதை எந்தச் சுற்றறிக்கையால் அவிழ்ப்பது?

2024-இல் வெளியான 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேரளத்தில் சில பள்ளிகள் கடைசி பெஞ்சே இல்லாதபடி இருக்கைகளை மாற்றிப் போட்டன. 2025-இல் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவ இருக்கை பற்றிப் பேச்சு எழுந்தது. நல்லதுதான். ஆனால் கடைசி பெஞ்சு என்பது மரச்சாமான் மட்டும் அல்ல. 'ப' எழுத்துக்கும் ஒரு மூலை உண்டு. யார் அங்கே போய் உட்காருவார் என்பதைத் தச்சர் தீர்மானிப்பதில்லை.

7

ஆக, வகுப்பறைச் சிரிப்பைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். இந்தச் சிரிப்பு ஆளைப் பார்த்து வருகிறதா, ஏற்பாட்டைப் பார்த்து வருகிறதா? சிரித்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தால் யார் கொடுப்பார்? பள்ளிக்கு வெளியே, ஊரில், இதே இருவர் எதிரெதிரே நின்றால் யார் யாருக்கு வழிவிட்டு ஒதுங்குவார்? கொக்கு என்ற பெயர் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். அசோகர் துணுக்கு மூன்றிலும் தேறும். நம்முடைய பல அரசியல் கவிதைகள் தேறாது.

எழுதுகிறவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. நம் பள்ளிக்கூட எழுத்தின் நினைவில் நிற்பது அழுகைதான். இரா.நடராசனின் 'ஆயிஷா' (1996) நம்மை உலுக்கியதற்குக் காரணமும் இருந்தது; கேள்வி கேட்ட பிள்ளையை அடித்தே ஒடுக்கும் பள்ளியை அது காட்டியது. ஆனால் ஆயிஷாவின் வகுப்பிலும் யாரோ ஒருத்தி வாத்தியார் சொல்லும் 'புரிஞ்சுதா'வை எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கம் நம்மிடம் இல்லை. பிரிட்டனில் ஐயோனா, பீட்டர் ஓப்பி என்ற தம்பதியர் சுமார் 70 பள்ளிகளின் 5,000 குழந்தைகளிடமிருந்து பாட்டு, புதிர், கேலி, பட்டப்பெயர் எல்லாவற்றையும் திரட்டி 1959-இல் புத்தகமாகப் போட்டார்கள். அவர்கள் பல்கலைக்கழகத் துறை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் இல்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் வாத்தியார்கள் நிறையப் பேர். அவர்கள் தங்கள் பள்ளியிலிருந்தே தொடங்கலாம்: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது யாருக்கு, யாரால், எந்த வகுப்பில், அந்த ஆசிரியரின் பாடம் என்ன, நிரந்தரமா தொகுப்பூதியமா என்று எழுதி வையுங்கள். சாதியையும் விட்டுவிடாமல் குறியுங்கள். ஆட்களின் நிஜப் பெயர் வேண்டாம்.

தன் பட்டப்பெயரிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அதைத் தெரிந்துகொள்ள வகுப்பில் மி.மி.பே. யார் என்று விசாரித்து அவனிடம் கேளுங்கள். பிரம்பை ஓய்வறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.